அழியா மீன்களும் மீண்டெழும் மீன்களும்

பண்டை எகிப்தியரின் சமயத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கதிரவனிலிருந்தே தொடங்குவர். ரா என்னும் ஞாயிற்றுக் கடவுளும், அவன் ஏறிச் செல்லும் ஓடமும், அவனுக்கு எடுக்கப்பட்ட கோயில்களும் நம் நூல்களில் நன்கு இடம் பெற்றுவிட்டன. ஆயின் அம்மக்கள் பகல் வானைப் போலவே இரவு வானையும் தொழுதனர் என்பதும், அவர்களுடைய மிகப் பழைய சமய எழுத்துகளில் விண்மீன்களுக்கு உயர்ந்த இடம் உண்டு என்பதும் பலர் அறியாத செய்திகள். அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனிதனை நெடுங்காலமாகத் தொடர்ந்து வரும் வினாக்கள் இரண்டு. இறந்தவர் எங்கே செல்கின்றனர் என்பது ஒன்று. இப்பொழுது நேரம் என்ன என்பது மற்றொன்று. முன்னது சமயத்தைச் சார்ந்தது, பின்னது கணக்கைச் சார்ந்தது என்று நாம் இன்று பிரித்து வைத்துள்ளோம். நைல் ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்கள் அவ்வாறு பிரிக்கவில்லை. இரண்டு வினாக்களையும் ஒரே வானத்தை நோக்கிக் கேட்டனர். முதல் வினாவுக்கு அவர்கள் கண்ட விடை, அவர்களுடைய கோயில்களோடு வழக்கொழிந்தது. இரண்டாம் வினாவுக்குக் கண்ட விடையோ நம் வகுப்பறைச் சுவரில் கடிகாரமாகத் தொங்குகின்றது. இஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை முறையாகக் காண்போம்.

விண்ணன்னை நூத்

வானத்தைத் தந்தையாகவும் நிலத்தைத் தாயாகவும் கொண்ட மக்கள் உலகில் பலர். எகிப்தியர் இதனை மாற்றிக் கண்டனர். அவர்களுக்கு வானம் பெண், நிலம் ஆண். நூத் என்பவள் விண்ணன்னை. கெப் என்பவன் நிலத்தின் கடவுள். கெப் கீழே படுத்திருக்க, நூத் தன் கைவிரல்களையும் கால்விரல்களையும் தரையில் ஊன்றி, வில்லைப் போல் வளைந்து அவனுக்கு மேலே கவிந்து நிற்கின்றாள். காற்றின் கடவுளாகிய ஷூ இருவருக்கும் இடையே நின்று அவள் உடலை இரு கைகளாலும் தாங்குகின்றான். கல்லறைகளிலும் கோயில்களிலும் இக்காட்சி பலமுறை தீட்டப்பட்டுள்ளது.

மாலையில் நூத் ஞாயிற்றை விழுங்குகின்றாள். இரவு முழுவதும் அஃது அவள் உடலுக்குள் பயணம் செய்கின்றது. காலையில் அதனை மீண்டும் ஈன்றெடுக்கின்றாள். விண்மீன்களும் அவள் பிள்ளைகளே. அவற்றையும் அவள் விழுங்கி, உரிய காலத்தில் மீண்டும் பெற்றெடுக்கின்றாள். அபைதோசில் முதலாம் சேத்தி மன்னன் எடுத்த நினைவிடத்தில் இதனை விளக்கும் எழுத்துகள் உள்ளன. அவற்றில் சுவையான கதை ஒன்று வருகின்றது. பெற்ற பிள்ளைகளை விழுங்குகின்றாளே என்று கெப் சினந்து நூத்தோடு பூசலிட்டான்; தன் குட்டிகளையே தின்னும் பன்றி என்று அவளுக்குப் பெயரும் வந்தது; அவள் அவற்றை மீண்டும் ஈன்றெடுப்பாள் என்று கூறி, ஷூ அவனை அமைதிப்படுத்தினான் என்பது அக்கதை.

சிறு கதைதான், ஆனால் எகிப்தியர் சமயத்தின் உயிர்நாடி இதில் உள்ளது. ஒரு விண்மீன் மறைவது அழிவு ஆகாது; அது தாயின் வயிற்றுக்குத் திரும்புதல் ஆகும். மனிதன் இறப்பதும் அத்தகையதே. இதனாலன்றோ பிணப்பேழையின் மூடியில், உட்புறத்தில், கைகளை நீட்டிய நூத்தின் உருவத்தை அவர்கள் எழுதினர்! பேழையில் கிடப்பவன் கண் திறந்தால் தாயின் முகத்தைக் காண வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

மறையாத மீன்கள்

இனி, விண்மீன்களுள் எகிப்தியர் கண்ட இரண்டு வகைகளைப் பார்ப்போம். அதற்குமுன் சிறிது நிலநூல் தேவை. வட வானில் ஒரு புள்ளி உண்டு. விண்மீன்கள் யாவும் அதனைச் சுற்றி வருவனபோல் தோன்றும். நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரத்தில் அப்புள்ளி அமையும். தீபகற்ப மலேசியா வடக்கே 1 பாகைக்கும் 7 பாகைக்கும் இடையில் உள்ளது. சிங்கப்பூர் ஏறத்தாழ 1 பாகையில் உள்ளது. ஆகவே நமக்கு அப்புள்ளி அடிவானத்தை ஒட்டியே கிடக்கும். நம் வானில் ஏறத்தாழ எல்லா மீன்களும் எழுகின்றன, மறைகின்றன. எழுந்தது மறைந்தே தீரும் என்பது நம் வானம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

எகிப்தில் கீசா நகரம் ஏறத்தாழ 30 பாகையில் உள்ளது. அங்கே அப்புள்ளி அடிவானத்திற்கு மேலே 30 பாகை உயரத்தில் நிற்கும். அதனைச் சூழ 30 பாகைக்குள் உள்ள மீன்கள் அடிவானத்தைத் தொடுவதே இல்லை. அவை இரவு முழுவதும் சுழன்றுகொண்டே இருக்கும். பகலில் ஒளியில் மறைந்தாலும், இருட்டியவுடன் அதே பகுதியில் தோன்றும். எகிப்தியர் இவற்றை அழிவை அறியாதவை என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். எழுந்து மறையும் ஏனையவற்றைச் சோர்வை அறியாதவை என்றனர். இறப்பை வெல்ல விரும்பிய ஒரு மக்களுக்கு, என்றும் மறையாத மீன்களைவிடச் சிறந்த சான்று வேறு என்ன வேண்டும்?

கி.மு. 27ஆம் நூற்றாண்டில் சக்காராவில் படிப் பிரமிடை எழுப்பிய ஜோசர் மன்னனின் சிலை, அப்பிரமிடின் வடபுறத்தில் ஒரு சிறு கல்லறைக்குள் வைக்கப்பட்டிருந்தது. அவ்வறையின் சுவரில், சிலையின் கண்களுக்கு நேரே இரண்டு துளைகள் உள்ளன. அவற்றின் வழியே மன்னன் வட வானை நோக்கியவண்ணம் இருந்தான். பின்வந்த பிரமிடுகள் பெரும்பாலானவற்றின் வாயிலும் வடக்குப் பக்கத்திலேயே அமைந்துள்ளது.

கி.மு. 2350 அளவில் வாழ்ந்த ஊனாஸ் என்னும் மன்னனின் பிரமிடு இதனை ஐயமற உணர்த்துகின்றது. 1881ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் மாசுபெரோவின் முயற்சியால் அதன் உள்ளறைகள் திறக்கப்பட்டன. சுவரெங்கும் எழுத்துகள், மேற்கூரையெங்கும் ஐந்து முனை விண்மீன்கள். இருநூறுக்கும் மேற்பட்ட மந்திரங்கள் அங்கே செதுக்கப்பட்டுள்ளன. பிரமிடு எழுத்துகள் எனப்படும் இவை உலகின் மிகப் பழைய சமய எழுத்துகளுள் அடங்கும். இறந்த மன்னன் பறவைபோல் பறந்தும், ஏணியில் ஏறியும், நாணற் படகில் கடந்தும் வானை அடைகின்றான். அழியா மீன்களுக்கு நடுவே அமர்கின்றான். தானும் ஒரு விண்மீனாகின்றான் என்பது அவற்றுள் அடிக்கடி வரும் கருத்து.

கயிறு நீட்டும் சடங்கு

வானை வணங்கியவர் வானை அளக்கவும் கற்றனர். கீசாவில் கூபு மன்னனின் பெரிய பிரமிடு கி.மு. 26ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் ஒவ்வொரு பக்கமும் சுமார் 230 மீட்டர் நீளம். அப்பக்கங்கள் உண்மையான திசைகளினின்றும் விலகும் அளவு, ஒரு பாகையில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கேயாகும். திசைகாட்டும் காந்த ஊசி அன்று இல்லை. துருவப் புள்ளியில் இன்று நிற்கும் துருவ மீனும் அன்று அங்கு இல்லை. நிலவுலகின் அச்சு பம்பரத்தைப் போல் மெல்லச் சாய்ந்து சுழல்வதால், துருவப் புள்ளி சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை வானில் வட்டமிடுகின்றது. கி.மு. 2800 அளவில் தூபான் என்னும் மங்கலான மீன் அதனருகே இருந்தது. கூபுவின் காலத்தில் அதுவும் சற்று விலகிவிட்டது.

அவ்வாறாயின் வடக்கை எங்ஙனம் கண்டனர்? துருவத்தின் இருபுறமும் உள்ள இரண்டு மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர் நிற்கும் வேளையில், தூக்குக் குண்டின் நூலை அவற்றோடு பொருத்திப் பார்த்திருக்கலாம் என்று கேட் ஸ்பென்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 2000ஆம் ஆண்டில் எழுதினார். கோலின் நிழலைக் கொண்டு அளந்திருக்கலாம் என்போரும் உளர். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.

கோயிலுக்குக் கால்கோள் செய்யும் சடங்கைப் பற்றித் தெளிவான செய்திகள் உள்ளன. மன்னனும், எழுத்துக்கும் அளவைக்கும் உரிய தேவியாகிய செஷாத்தும் எதிரெதிரே நின்று முளைகளை அடித்து, அவற்றிடையே கயிற்றை நீட்டுவர். கயிறு நீட்டல் என்பதே அச்சடங்கின் பெயர். மன்னன் காளைக்கால் மீன்குழுவை நோக்கிக் கோயிலின் மூலைகளை நிலைநிறுத்தினான் என்று எட்பு, தெண்டெரா ஆகிய கோயில்களின் எழுத்துகள் கூறுகின்றன. ஈர்க்குப் பிளவு உடைய ஒரு பனையோலைத் தண்டும், தூக்குக் குண்டு கட்டிய ஒரு கைப்பிடியும் விண்மீன் நோக்குவோரின் கருவிகள். அக்கைப்பிடிக் கருவியின் பெயருக்கு அறிவதற்கு உதவுவது என்பது பொருள்.

காளைக்கால் என்பது நாம் எழுமீன் அல்லது சப்தரிஷி மண்டலம் என வழங்கும் மீன்குழுவே. பிரமிடுகள் எழுந்த காலத்தில் அதன் ஏழு மீன்களும் துருவப் புள்ளிக்கு அண்மையில் இருந்தமையால், எகிப்தில் அவை மறைந்ததே இல்லை. துருவப் புள்ளி இடம் மாறிவிட்டதால், இன்று அதே நாட்டில் அவற்றுள் பெரும்பாலானவை அடிவானத்தின்கீழ்ச் சென்று மீள்கின்றன. அழிவை அறியாதவை என்று பெயரிட்டவர் இதனை எதிர்பார்த்திருக்க மாட்டார்!

அக்காளைக்கால், ஒசிரிசைக் கொன்ற சேத் என்னும் கடவுளின் கால் என்பர். நீர்யானை வடிவத் தேவி ஒருத்தி அதனை ஒரு முளையில் கட்டிக் காவல் காக்கின்றாள். ஒசிரிஸ் வாழும் கீழுலகிற்கு அது சென்றுவிடலாகாது என்பதே காரணம். முளையில் கட்டிய மாடு முளையையே சுற்றிச் சுற்றி வருவதுபோல் அம்மீன்கள் துருவத்தைச் சுற்றி வருகின்றன. கண்ணால் கண்ட உண்மையைக் கதையாக்கும் திறத்தை இங்கே காண்கின்றோம். பதப்படுத்திய உடலின் வாயைத் திறந்து அதற்கு உயிர்ப்புத் தரும் சடங்கில், தச்சர் பயன்படுத்தும் வாய்ச்சி போன்ற கருவி ஒன்று கையாளப்பட்டது. அக்கருவிக்கும் இம்மீன்குழுவுக்கும் ஒரே பெயர். மறையாத மீனின் ஆற்றல் இறந்தவனைத் தீண்ட வேண்டும் என விரும்பினர் போலும்.

எழுபது நாள் மறைவு

மறையாத மீன்கள் அழியாமையைக் காட்டின. மறைந்து மீளும் மீன்களோ மறுபிறப்பைக் காட்டின. இவ்வகையில் முதலிடம் பெற்றவை இரண்டு. ஒன்று ஓரியன் மீன்குழு. நம்மவர் மிருகசீரிடம், திருவாதிரை என வழங்கும் மீன்கள் இதனுள் அடங்கும். மற்றொன்று இரவு வானின் விண்மீன்களுள் மிகுந்த ஒளியுடைய சிரியஸ். எகிப்தியர் ஓரியனைச் சாஹ் என்றும், சிரியசைச் சோப்தெத் என்றும் அழைத்தனர். சாஹ், கொலையுண்டு மீண்டும் உயிர்பெற்ற ஒசிரிசின் வடிவம். சோப்தெத், கணவனைத் தேடிக் கண்டுபிடித்த ஐசிசின் வடிவம்.

கிழக்கில் ஓரியன் முன்னே எழும். சிரியஸ் சற்றுப் பின்னே எழும். ஓவியங்களில் சாஹ் ஓடத்தில் நின்றபடி தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கின்றான். சோப்தெத் தன் ஓடத்தில் அவனைத் தொடர்கின்றாள். வானில் உள்ள முறையே ஓவியத்திலும் உள்ளது.

ஞாயிறு விண்மீன்களினூடே ஓராண்டில் ஒரு முறை சுற்றி வருவதுபோல் தோன்றுகின்றது. அது சிரியசை நெருங்கும் காலத்தில், அம்மீன் பகலொளியில் மூழ்கி நம் கண்ணுக்குப் படுவதில்லை. எகிப்தில் இம்மறைவு ஏறத்தாழ 70 நாள் நீடிக்கும். பின்னர் ஒரு நாள் விடியலில், ஞாயிறு எழுவதற்குச் சற்று முன்னர், கிழக்கு அடிவானில் அது சிறிது நேரம் மின்னித் தோன்றும். பண்டைக் காலத்தில் இவ்வைகறைத் தோற்றம் கோடையில் நிகழ்ந்தது. ஏறத்தாழ அதே வேளையில், எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழைநீர் நைல் ஆற்றில் பெருக்கெடுத்து வந்து வயல்களில் புதுவண்டலைப் படியச் செய்தது. வறண்ட நிலம் உயிர்பெறும் நாளும், மறைந்த மீன் மீளும் நாளும் ஒன்றுபட்டன. அதனை ஆண்டின் பிறப்பாக அவர்கள் கொண்டாடியது இயல்பே.

ஒருவர் இறந்த பின் உடலைப் பதப்படுத்தி அடக்கம் செய்வதற்கு எகிப்தியர் வகுத்த காலமும் 70 நாளே. எரோதோத்தஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியரும் இவ்வெண்ணைக் குறிப்பிடுகின்றார். முன்னர்க் கூறிய நூத்தின் எழுத்துகள், விண்மீன்கள் இறந்து கீழுலகில் 70 நாள் தங்கித் தூய்மை பெற்று மீண்டும் பிறக்கின்றன என்று கூறுகின்றன. மீனுக்கு 70 நாள். மனிதனுக்கும் 70 நாள். பதப்படுத்தும் கூடத்தில் பிணத்தின் முன் அழுது நின்ற குடும்பத்தினருக்கு இவ்வெண் எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும்! இழந்தவரை எண்ணி நாளைக் கணக்கிடுவோர்க்கு, அக்கணக்கு முடியும் நாளில் ஒரு மீன் திரும்பி வருகின்றது என்னும் செய்தி சிறிதன்று.

ஐந்து நாள்களின் கதை

எகிப்தியரின் ஆண்டு 365 நாள். மாதம் ஒன்றுக்கு 30 நாளாக 12 மாதங்கள். அவற்றோடு தனியே 5 நாள்கள். வெள்ளம், விதைப்பு, அறுவடை என நான்கு மாதத்திற்கொரு பருவமாக மூன்று பருவங்கள். மாதம் மூன்று பத்துநாள் வாரங்களாகப் பிரிந்தது.

மிகையாக நின்ற 5 நாள்களுக்கு ஒரு கதை உண்டு. புளூட்டார்க் என்னும் கிரேக்க ஆசிரியர் இதனை எழுதி வைத்துள்ளார். நூத் எந்த மாதத்திலும் எந்த ஆண்டிலும் பிள்ளை பெறலாகாது என்று ஞாயிற்றுக் கடவுள் சபித்தான். அறிவுக் கடவுளாகிய தோத் அவளுக்கு இரங்கினான். அவன் திங்களோடு காய்களை உருட்டி ஆடி, அதன் ஒளியில் சிறு சிறு பங்குகளை வென்று, அவற்றைச் சேர்த்து 5 நாள்களாக்கினான். அந்நாள்கள் எந்த மாதத்தையும் சேராதவை. ஆதலால் அவற்றில் ஒசிரிஸ், ஹோரஸ், சேத், ஐசிஸ், நெப்திஸ் ஆகிய ஐவரையும் நூத் பெற்றெடுத்தாள்.

உண்மையான ஆண்டோ 365 நாளுக்கு மேல் ஏறத்தாழ கால் நாள் உடையது. எனவே எகிப்தியரின் ஆண்டு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பருவங்களை விட்டு விலகியது. சிரியசின் தோற்றம் எந்தத் தேதியில் வரும் என்பதை ஆண்டுதோறும் கணித்தே சொல்ல வேண்டியிருந்தது. கி.மு. 19ஆம் நூற்றாண்டில், மூன்றாம் செனுஸ்ரெத் மன்னனின் 7ஆம் ஆட்சியாண்டில், கோயில் தலைவர் ஒருவர் தம்கீழ் உள்ள குருவுக்கு அத்தேதியை முன்கூட்டியே அறிவித்த மடல் இல்லகூன் என்னும் இடத்தில் கிடைத்துள்ளது. விழாவுக்குரிய படையலை ஆயத்தம் செய்ய வேண்டுமல்லவா? வழிபாடு பிழையாது நடக்க வேண்டும் என்னும் கவலையே கணிப்பைக் கூர்மையாக்கியது.

கி.மு. 238இல் மூன்றாம் தாலமி மன்னன் காலத்தில், நான்கு ஆண்டுக்கு ஒரு நாளைக் கூட்ட வேண்டும் என்று குருமார் கூடி முடிவு செய்தனர். அம்முடிவு நடைமுறையில் நிலைக்கவில்லை. பின்னர் சூலியஸ் சீசர் கி.மு. 45இல் உரோமில் இம்முறையை நிலைநாட்டினார். அவருக்கு வழிகாட்டியவர் சொசிசெனிஸ் என்னும் கணிதர். அவர் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்தவர் என்பர். 30 நாளுடைய 12 மாதங்களும் இறுதியில் 5 அல்லது 6 நாள்களும் உடைய ஆண்டை எகிப்தின் காப்டிக் திருச்சபையும் எத்தியோப்பிய மக்களும் இன்றும் கைக்கொள்கின்றனர்.

முப்பத்தாறு மீன்களும் இருபத்து நான்கு மணியும்

சிரியசுக்குக் கண்ட முறையை எகிப்தியர் பிற மீன்களுக்கும் விரித்தனர். பத்து நாளுக்கு ஒன்றாக 36 மீன்களை அல்லது மீன்குழுக்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒவ்வொன்றும் பத்து நாள் விடியலில் தோன்றி இரவின் முடிவை அறிவிக்கும்; பின் அடுத்த மீனுக்கு அவ்விடத்தை விட்டுக்கொடுக்கும். ஓர் இரவில் இவை ஒன்றன்பின் ஒன்றாக எழுவதைக் கொண்டு இரவைப் பகுத்தனர். வெளிச்சம் மயங்கும் அந்தியையும் விடியலையும் நீக்கினால், குறுகிய கோடை இரவில் எழக் காணப்படுவன ஏறத்தாழ 12. இரவுக்கு 12 பகுதி என்னும் கணக்கு இங்ஙனமே பிறந்தது என்று வானநூல் வரலாற்று அறிஞர் ஆட்டோ நியூகபவர் விளக்கினார். பகலுக்கும் 12 பகுதிகள் வகுக்கப்பட்டன. ஆக 24.

பகுதிகள் முதலில் சம அளவின அல்ல. பருவத்திற்கேற்ப நீண்டும் குறுகியும் வந்தன. அவற்றைச் சமமாக்கியவர் பிற்காலக் கிரேக்க வானநூலார். மணியை 60 நிமிடமாகப் பகுத்தது பாபிலோனியரின் அறுபதின் கணக்கைப் பின்பற்றியது. எனினும் நாளுக்கு 24 என்னும் எண் எகிப்தியரின் கொடையே.

கிரேக்கர் அம்மீன்குழுக்களைத் தெக்கானோஸ் என்றனர். பத்து என்னும் எண்ணடியாகப் பிறந்த சொல் அது. ஓர் இராசியை மூன்றாகப் பகுத்துப் பத்துப் பாகைக்கு ஒரு பகுதியாகக் கொள்ளும் முறையை நம் சோதிட நூல்கள் திரேக்காணம் என்று கூறும். வடமொழி வழியாக நமக்கு வந்த அச்சொல் தெக்கானோஸ் என்பதன் திரிபே. நைல் ஆற்றங்கரையின் மீன்கள் நம் சொல்லகராதி வரை பயணம் செய்துள்ளன!

இரவின் பகுதிகளை அறிய எகிப்தியர் ஏன் இத்துணை முயன்றனர்? ஞாயிறு இரவின் 12 மணியிலும் கீழுலகின் 12 பகுதிகளைக் கடக்கின்றது என அவர்கள் நம்பினர். வழியில் அபெப் என்னும் பெரும்பாம்பு ஓடத்தைத் தடுக்கும். அந்தந்த மணிக்குரிய மந்திரம் அந்தந்த மணியில் ஓதப்பட வேண்டும். கோயிலின் மேல்தளத்தில் அமர்ந்து நேரம் அறிவிப்பதற்கென்றே குருமார் இருந்தனர். இராம்சேஸ் என்னும் பெயருடைய மன்னர் சிலரின் கல்லறைக் கூரைகளில் அவர்கள் பயன்படுத்திய முறை தீட்டப்பட்டுள்ளது. ஒருவர் அசையாமல் எதிரே அமர்ந்திருப்பார். குறித்த மீன் அவருடைய இடத்தோளுக்கு மேல் வந்தால் இன்ன மணி, இடக்காதுக்கு மேல் வந்தால் இன்ன மணி, வலக்கண்ணுக்கு மேல் வந்தால் இன்ன மணி என அட்டவணை கூறும். மனித உடலே அங்கு அளவுகோலாயிற்று. மேகமூட்டமான இரவுக்கு நீர்க்கடிகாரம் உதவியது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அமென்ஹோதெப் காலத்தில் செய்த நீர்க்கடிகாரம் ஒன்று கர்னாக்கில் கண்டெடுக்கப்பட்டது.

மீன்களைப் பற்றிய அட்டவணை எழுதப்பட்ட இடமும் கருதத்தக்கது. அவற்றுள் மிகப் பழையவை, கி.மு. 2100ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில், அசியூத் முதலிய ஊர்களைச் சேர்ந்த அலுவலர்களின் பிணப்பேழை மூடிகளின் உட்புறத்தில் கிடைத்துள்ளன. ஒரே மீனின் பெயர் பத்து நாளுக்கு ஒரு படியாக ஏறிச் செல்வதால், அட்டவணை முழுவதும் சாய்ந்த படிக்கட்டுபோல் தோன்றும். பேழைக்குள் கிடப்பவன் இருளிலும் நேரம் அறிய வேண்டும். ஞாயிற்றின் ஓடம் எங்கே செல்கின்றது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முன்னர் மன்னரின் பிரமிடுச் சுவரில் இருந்த வானம் இப்பொழுது ஓர் எழுத்தரின் பேழையிலும் இடம் பெற்றது. சாதாரண மக்களுக்கு இந்நம்பிக்கை முன்பே இருந்திருக்கக்கூடும். கல்லில் எழுதி வைக்க அவர்களுக்குப் பொருள் இல்லை. எழுத்துச் சான்று நமக்குக் காட்டுவது, வானத்தில் இடம் கேட்போர் எண்ணிக்கை காலப்போக்கில் பெருகியது என்பதே.

சான்றும் ஊகமும்

எகிப்தைப் பற்றிப் படிப்போர் ஓரிடத்தில் விழிப்பாக இருத்தல் வேண்டும். கீசாவின் மூன்று பிரமிடுகளும் ஓரியனின் இடைவாரில் உள்ள மூன்று மீன்களைத் தரையில் வரைந்து காட்டுவன என்னும் கருத்தை இராபர்ட் பௌவல் என்பார் 1994ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் பரப்பினார். படிக்கச் சுவையானதுதான். ஆயின் எகிப்திய எழுத்து எதுவும் அவ்வாறு கூறவில்லை. அம்மூன்று பிரமிடுகளும் மூன்று மன்னர்கள் தனித்தனியே எழுப்பியவை. படத்தைப் பொருத்த வேண்டுமாயின் வடக்கையும் தெற்கையும் தலைகீழாக்க வேண்டியுள்ளது. ஆதலால் எகிப்தியல் அறிஞர் இதனை ஏற்கவில்லை.

அவ்வாறே, பெரிய பிரமிடில் மன்னனின் அறையிலிருந்து வடக்கும் தெற்கும் சரிந்து செல்லும் குறுகிய வழிகள் முறையே தூபானையும் ஓரியனையும் நோக்கியவை என்று 1964ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் படாவியும் வர்ஜினியா டிரிம்பிளும் எழுதினர். இது பிரமிடு எழுத்துகளின் கருத்தோடு இயைவதால் மதிக்கத்தக்க ஊகம், ஆயினும் ஊகமே. பிறந்த நேரத்தைக் கொண்டு சாதகம் கணிக்கும் முறையும் பழைய எகிப்துக்கு உரியதன்று. பன்னிரண்டு இராசிகள் பாபிலோனியாவில் தோன்றிக் கிரேக்கர் காலத்தில் எகிப்தை அடைந்தவை. தெண்டெராக் கோயிலின் புகழ்மிக்க வட்ட வான்படம், இன்று பாரிசில் லூவர் காட்சியகத்தில் உள்ளது, கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிரமிடுகளுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்டது.

எழுத்து என்ன கூறுகின்றது, அளந்தால் என்ன தெரிகின்றது, நாம் என்ன எண்ணுகின்றோம் என்னும் மூன்றையும் வேறுபடுத்திப் பார்க்கும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்ட, எகிப்தைவிட ஏற்ற பாடம் கிடைப்பது அரிது.

விண்மீன் என்னும் எழுத்து

எகிப்தியரின் பட எழுத்தில் ஐந்து முனை விண்மீன் ஓர் எழுத்தாகும். வட்டத்துக்குள் அதனை இட்டால் இறந்தோர் செல்லும் கீழுலகைக் குறிக்கும். மணி அல்லது நேரம் என்னும் சொல்லிலும் அது வரும். கற்பித்தல் என்னும் சொல்லிலும், மாணவன் என்னும் சொல்லிலும் அதே விண்மீன் வரும். பின்னைய இரண்டும் ஒலி ஒற்றுமையால் அமைந்தவை என்பர் மொழியறிஞர். பொருளுறவு இருந்தது என நாம் வலிந்து கூறுதல் ஆகாது. எனினும் இறப்பு, நேரம், கல்வி ஆகிய மூன்றையும் எழுத ஒரே மீனை வரைந்த கையை எண்ணிப் பார்த்தல் தவறன்று.

1970இல் முடிவுற்ற அசுவான் உயர் அணைக்குப் பின் நைல் ஆற்றில் ஆண்டு வெள்ளம் இல்லை. நூத்துக்குப் படையலிடுவோரும் அக்கரையில் இல்லை. ஆயினும் இறந்தவர் முற்றும் அழிந்துவிடலாகாது என்னும் ஏக்கத்தால் அம்மக்கள் வானை உற்று நோக்கினர். அவ்வாறு நோக்கியதால் பிறந்த 24 மணி இன்றும் நம் நாளை ஆள்கின்றது. சமயத்தை அறிவியலின் பகை என்று மட்டுமே எண்ணுவோர்க்கும், பழைய நம்பிக்கை யாவும் அறிவியலே என்று பெருமை பேசுவோர்க்கும் இவ்வரலாறு ஒருங்கே விடை கூறும்.

சனவரி முதல் மார்ச்சு வரை, இரவு உணவுக்குப் பின் வானம் தெளிந்திருந்தால், ஆசிரியர்கள் மாணவர்க்கு ஓரியனைக் காட்டலாம். நம் நாட்டில் அஃது ஏறத்தாழ தலைக்கு மேலேயே நிற்கும். வரிசையாக உள்ள மூன்று மீன்களைத் தென்கிழக்கே நீட்டிப் பார்த்தால் சிரியஸ் கிட்டும். சூன் மாத வாக்கில் அது மாலை வெளிச்சத்தில் மறைந்து, சில வாரங்கள் கழித்து விடியலில் கிழக்கே மீளும். எகிப்தில் 70 நாள் நீடிக்கும் மறைவு நமக்கு ஏன் குறைந்த நாளில் முடிகின்றது என்னும் வினாவை அவர்களிடமே விட்டுவிடலாம். விடையைத் தேடி அவர்கள் உலகப் படத்தில் அட்சரேகையைப் பார்க்கத் தொடங்கினால், பாடம் தொடங்கிவிட்டது என்பது பொருள்.